கிளிங்கான் நெற்றிக்கு இரண்டு கட்சி

ஸ்டார் ட்ரெக்கில் வரும் கிளிங்கான்களின் நெற்றியைப் பற்றிக் குன்னூரில் இரண்டு கட்சி உண்டு. ஆள் மொத்தமே நாலு பேர்தான். ஆனாலும் இரண்டு கட்சி. நெற்றி ஏன் மாறியது என்பதற்குக் கதைக்குள்ளேயே காரணம் சொல்லியாக வேண்டும் என்பது ஒன்று. மேக்கப்புக்குக் காசு வந்தது, மாற்றினார்கள், இதில் பேச என்ன இருக்கிறது என்பது இன்னொன்று. மழைக்காலத்தில் பெட்ஃபோர்டு பக்கம் ஒரு பேக்கரியில் டீயும் வர்க்கியுமாக உட்கார்ந்தால் இந்த வழக்கு ஆரம்பித்துவிடும். ஏதோ சொந்தக்காரர் ஒருவரின் முகத்தைப் பற்றிச் சண்டை போடுகிறோம் என்றுதான் கடைக்காரருக்கு இன்றுவரை நினைப்பு.

ஸ்டார் ட்ரெக் பார்க்காதவர்களுக்காக வழக்கின் விவரம். 1966-ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஆரம்பித்து, மூன்றே சீசனில் 1969-ல் நின்றுபோன தொடர் அது. அப்புறம் சினிமாவாகவும் வேறு வேறு தொடர்களாகவும் கிளைவிட்டு இன்னமும் ஓடிக்கொண்டிருக்கிறது. எண்டர்பிரைஸ் என்று ஒரு விண்கப்பல், அதற்குக் கர்க் என்று ஒரு கேப்டன், அவருக்குத் துணையாகக் கூர்க்காது ஸ்பாக். கிளிங்கான்கள் இவர்களுடைய எதிரிகள். 1967-ல் முதன்முதலாக வந்தபோது அவர்களுக்கு மனித முகம்தான். கறுப்பு மேக்கப், தூக்கிய புருவம், மீசை, அவ்வளவே. பட்ஜெட் அவ்வளவுதான் இடம் கொடுத்தது. 1979-ல் சினிமாவாக எடுத்தபோது பணம் இருந்தது. திரையில் வந்து நின்ற கிளிங்கானுக்கு நெற்றி நடுவே எலும்பு மேடு. ஏன் என்று படத்தில் ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவும் இல்லை.

ரசிகர்கள் விடுவார்களா? கிளிங்கான்களில் இரண்டு இனம் உண்டு என்றார்கள் சிலர். மேடு எப்போதும் இருந்தது, அந்தக் காலக் கேமராவுக்குத்தான் தெரியவில்லை என்றார்கள் சிலர். 1996-ல் தொடரின் 30-ம் ஆண்டுக்காக டீப் ஸ்பேஸ் நைன் என்ற கிளைத் தொடரில் ஓர் எபிசோட் எடுத்தார்கள். பிற்காலத்து ஆட்கள் காலம் தாண்டிப் பழைய எண்டர்பிரைஸுக்குள்ளேயே போய்விடுகிறார்கள். புதிய நடிகர்களைப் பழைய ஃபிலிமுக்குள் அழகாகச் சேர்த்திருப்பார்கள். அங்கே மேடில்லாத பழைய கிளிங்கான்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்படிக் காலம் தாண்டிப் போனவர்களில் மேடுள்ள கிளிங்கான் ஒருவர் உண்டு, வார்ஃப். எல்லோரும் மெதுவாகத் திரும்பி அவர் நெற்றியைப் பார்க்கிறார்கள். அவர் முகத்தை இறுக்கிக்கொண்டு, இதைப் பற்றி நாங்கள் வெளியாட்களிடம் பேசுவதில்லை என்கிறார். பதில் அவ்வளவுதான்.

அந்த ஒரு வரியோடு வழக்கை மூடியிருக்கலாம் என்பது என் கருத்து. ஒரு இனத்துக்கே வெட்கமான ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, அதைப் பேச மாட்டார்கள். கிளிங்கான்களின் வீம்புக்கு இதைவிடப் பொருத்தமான பதில் கிடையாது. ஆனால் கப்பலின் பெயரிலேயே வந்த எண்டர்பிரைஸ் என்ற இன்னொரு தொடர் 2005-ல் இரண்டு எபிசோட் செலவழித்து விளக்கியது: மனிதர்களின் மரபணு மாற்ற ஆராய்ச்சியை வைத்து கிளிங்கான்கள் தங்களைப் பலமாக்கிக்கொள்ளப் பார்த்தார்கள், அது தொற்றுநோயாகப் பரவியது, மருந்து கண்டுபிடித்தபோது உயிர் தப்பியது, நெற்றி மேடு போய்விட்டது. கதை மோசமில்லை. ஆனாலும் நல்ல ஜோக்கை உட்கார்ந்து விளக்கியது மாதிரி ஆகிவிட்டது.

2017-ல் டிஸ்கவரி தொடர் வந்து, கிளிங்கான்களை மொட்டையடித்து, மண்டையையே நீளமாக்கி, பழையபடி ஆரம்பித்து வைத்தது. ரசிகர்கள் கத்திய கத்தலில் இரண்டாம் சீசனில் முடி முளைத்தது.

எங்கள் நாலு பேரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், யார் எதற்குச் சண்டை போடுகிறார்கள் என்று தெரிய வேண்டும். நான் கட்டடங்களுக்கு பிளான் போடுகிற வேலையில் இருப்பவள். எங்கள் ஊரில் ரோட்டிலிருந்து பார்த்தால் ஒரு மாடியாகவும் பின்னால் சரிவிலிருந்து பார்த்தால் மூன்று மாடியாகவும் தெரிகிற வீடுகள் சாதாரணம். வெளியே எவ்வளவு, உள்ளே எவ்வளவு, படிக்கட்டு எங்கே போய் முட்டுகிறது என்பதே என் பிழைப்பு. அடுத்தவர் மாமா. அப்பாவின் நண்பர், குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். கோத்தகிரியிலிருந்து வரும் இயற்பியல் வாத்தியாரை எல்லோரும் சார் என்போம், மாமா மட்டும் வாத்தியாரே என்பார். நாலாவது ஒரு தம்பி, கல்லூரி கடைசி வருஷம். டிஸ்கவரியில் நுழைந்து பின்னோக்கிப் பார்த்துக்கொண்டு போகிறவன். அதனால் அவனுக்குப் பழசெல்லாம் புதுசு, எங்களுக்குப் புதுசெல்லாம் தவறு.

தம்பி பழைய எண்டர்பிரைஸின் கட்டுப்பாட்டு அறையை முதலில் பார்த்தபோது சொன்னது: "அக்கா, பட்டன் எல்லாம் ஜெல்லி மிட்டாய் மாதிரி இருக்கு. இத வச்சு விண்வெளிக்குப் போறாங்களா?" மாமா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும்வரை அவனோடு பேசவில்லை.

மாமாவின் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஸ்டார் ட்ரெக் போட்டார்கள். ரயில்வே குவார்ட்டர்ஸில் கறுப்பு வெள்ளை டிவி. ஆங்கிலம் பாதிதான் புரியும். மீதியைக் கப்பலும் முகங்களும் சொல்லும். அவர் டிவியில் கர்க் சட்டை, ஸ்பாக் சட்டை, என்ஜின் ரூமில் இருக்கும் ஸ்காட்டி சட்டை எல்லாமே சாம்பல். சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு கிரகத்தில் இறங்குகிறவன் திரும்பி வர மாட்டான் என்ற ஊரறிந்த ஜோக், கலர் டிவி வாங்கி வெகு நாள் கழித்துத்தான் மாமாவுக்குப் புரிந்தது.

நிறம் என்று வந்துவிட்டால் இதைச் சொல்லாமல் இருக்க முடியாது. கர்க் போட்டிருக்கும் தங்க நிறச் சட்டை தங்க நிறமே இல்லை. தைத்த துணி பச்சை, அவகாடோப் பழத்தின் பச்சை. ஸ்டுடியோ வெளிச்சமும் அந்தக் கால ஃபிலிமும் சேர்ந்து அதைத் தங்கமாக்கிவிட்டன. பின்னால் வந்தவர்கள் திரையில் தெரிந்ததையே சரியென்று வைத்துக்கொண்டு தங்கத்திலேயே தைத்தார்கள். அப்படியானால் எது சரியான நிறம்? தையல்காரர் கையில் இருந்ததா, நாம் பார்த்ததா, மாமாவின் சாம்பலா? டிசைன் மாறக்கூடாது என்று மேஜையைத் தட்டுகிற யாரிடமும் முதலில் இதைக் கேட்பேன்.

கப்பலே இந்தக் கேள்விக்குள் மாட்டிக்கொண்டதுதான். மேட் ஜெஃப்ரீஸ் வரைந்த எண்டர்பிரைஸின் படப்பிடிப்பு மாதிரி 11 அடி நீளம். உள்ளே விளக்கு எரிவதற்கான வயர்கள் இடது பக்கம் வழியாக வெளியே வந்ததால், அந்தப் பக்கத்தை முழுசாக முடிக்கவே இல்லை. கப்பல் எப்போது பார்த்தாலும் வலது பக்கத்தையே நமக்குக் காட்டிக்கொண்டு போவதன் ரகசியம் அதுதான். இடது பக்கம் வேண்டுமென்றால் எழுத்துகளைத் திருப்பி ஒட்டிப் படமெடுத்து, ஃபிலிமைத் திருப்பிப் போட்டார்கள். 1974-ல் அதை ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். 1991-ல் சீர்செய்தபோது கப்பலின் தட்டு மாதிரியான முன்பகுதி மேலெல்லாம் கட்டம் கட்டமாகக் கோடுகளை அழுத்தி வரைந்துவிட, ரசிகர்கள் கொதித்தார்கள். மறுபடி எடுத்து, பழைய படங்கள் வைத்திருப்பவர்கள் அனுப்புங்கள் என்று பொதுமக்களையே கேட்டு, 2016-ல் திருத்தி வைத்தார்கள். எந்த நிலைக்குத் திருத்துவது? முன்னோட்ட எபிசோடுகளிலிருந்தே அந்த மாதிரியில் மாற்றம் செய்துகொண்டே இருந்திருக்கிறார்கள். கடைசியில் 1967 ஆகஸ்டில் அது எப்படி இருந்ததோ அப்படி என்று முடிவு செய்தார்கள். அருங்காட்சியகமே ஒரு மாதத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் வேலை நடக்கிறது. நாம் "ஒரிஜினல்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டுப் போகிறோம்.

என் தனிப்பட்ட தீராத கணக்கு கலிலியோ ஷட்டில். எண்டர்பிரைஸிலிருந்து கிளம்பிப் போகும் சின்ன வண்டி. 24 அடி என்று வசனத்திலேயே வருகிறது. வெளியே காட்டிய முழு அளவு மாதிரி அதைவிடவும் கொஞ்சம் குட்டை. கரண்ட் போன ஒரு ராத்திரி, எமர்ஜென்சி விளக்கில் கிராஃப் தாளை விரித்து அதை வரைந்து பார்த்தேன். பக்கத்தில் நிற்கும் நடிகர்தான் அளவுகோல். மொத்த உயரத்தைக் குறித்துக்கொண்டு, கீழே கால், தரைத் தகடு, கூரைத் தகடு என்று ஒவ்வொன்றாகக் கழித்தால், உள்ளே ஸ்பாக் கழுத்தை வளைத்துக்கொண்டுதான் நிற்க வேண்டும். தொடரில் நிமிர்ந்து நடக்கிறார். ஏழு பேர் வசதியாக உட்கார்ந்து, நடுவில் நடந்துபோக இடமும் இருக்கிறது. என் ஆபீஸுக்கு இந்த பிளானோடு யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

ஆனால் அந்த எபிசோடைப் பார்க்கும்போது இது எனக்கு உறுத்துவதே இல்லை. ஏன் என்று யோசித்துப் பார்த்ததில்தான் இந்தக் கட்டுரையே எழுத வந்தேன். கதை இதுதான்: ஷட்டில் ஒரு கிரகத்தில் விழுந்துவிடுகிறது. மறுபடி மேலே கிளம்ப வேண்டுமென்றால் 500 பவுண்டு எடையாவது குறைய வேண்டும், அதாவது மூன்று ஆள் எடை. யாரை விட்டுவிட்டுப் போவது என்பதை ஸ்பாக் முடிவு செய்ய வேண்டும். அந்தக் கதைக்கு ஷட்டிலின் எடைதான் உயிர். உயரம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. கூரை ஓர் அடி கூடினாலும் குறைந்தாலும் ஸ்பாக்கின் இக்கட்டு அப்படியே இருக்கும். நாளைக்கு ஒரு புதிய தொடர் வந்து, அதே காலத்து ஷட்டில் யானையையே தூக்கிக்கொண்டு பறக்கும் என்று காட்டினால் அந்த 50 நிமிஷமும் செத்துவிடும். அப்போது நானும் கத்துவேன்.

அதனால் கன்டினியூட்டி, அதாவது புதுக் கதை பழைய கதையோடு முரண்படாமல் இருப்பது, என்று நான் பார்ப்பது இதுதான்: பழைய கதையில் ஒருவருக்கு எது கஷ்டமாக இருந்ததோ, எது தெரியாமல் இருந்ததோ, எது ஆச்சரியமாக இருந்ததோ, அதில் கை வைக்கக்கூடாது. நெற்றி, சட்டை, பட்டன் எல்லாம் இரண்டாம் பட்சம். (ஒரு விதிவிலக்கு உண்டு. 1989-ல் வந்த ஐந்தாவது படத்தில் லிஃப்ட் குழாய்க்குள் மேலே போகப் போக மாடி எண் கூடிக்கொண்டே போய் 78 வரும். அந்தக் கப்பலில் எண்ணுவது மேலிருந்து கீழே, அத்தனை மாடியும் அதில் கிடையாது. கதைக்கு ஒரு பாதிப்பும் இல்லைதான். ஆனால் மாடிக்கு நம்பர் போட்டுச் சோறு தின்கிறவளிடம் அதைக் காட்டினால் எப்படி?)

இந்த வாதத்துக்கு என்னிடம் இருக்கும் பெரிய சாட்சி, 1966 டிசம்பரில் வந்த ஓர் எபிசோட். ராமுலன்கள் என்ற எதிரிகளோடு நூறு வருஷத்துக்கு முன் மனிதர்கள் ஒரு போர் நடத்தியிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததே இல்லை. இப்போது எல்லைக் காவல் நிலையங்கள் ஒவ்வொன்றாக அழிகின்றன. அழிக்கிற கப்பல் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்து மறைந்து வருகிறது. மறைவது கொள்கையளவில் சாத்தியம்தான், ஆனால் அதற்கு ஆகிற சக்தி பயங்கரமானது என்று ஸ்பாக் சொல்கிறார். அங்கேதான் கர்க் பிடித்துக்கொள்கிறார்: மறைந்திருக்கிறவன் அதற்கு எதையோ விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறான். மொத்த ஆட்டமும் அதன் மேல்தான். நடுவில் தலைமையகத்துக்கு என்ன செய்வது என்று கேட்டுச் செய்தி அனுப்பியிருப்பார்கள். பதில் வரும், எல்லாம் முடிந்த பிறகு. நீங்கள் எடுக்கும் எந்த முடிவுக்கும் எங்கள் ஆதரவு உண்டு என்று. அதற்குள் ஆட்கள் செத்திருப்பார்கள்.

இதைத் தம்பிக்கு லேப்டாப்பில் போட்டுக் காட்டினேன். கப்பல் மறைந்ததும் கட்டுப்பாட்டு அறையே திகைத்து நிற்கும் இடத்தில் அவன் சிரித்தான். "இவங்களுக்கு ஏன்க்கா இது தெரியாது? டிஸ்கவரியிலயே கிளிங்கான் கப்பல் மறையுமே, அது பத்து வருஷம் முன்னாடிதானே?" அவன் சொன்னது சரி. டிஸ்கவரி கதை கர்க்கின் காலத்துக்குப் பத்து வருஷம் முந்தி நடப்பது. அதில் மறையும் கப்பல் முதல் எபிசோடுகளிலேயே வந்துவிட்டது. அவன் மேல் ஒரு தப்பும் இல்லை. அவனுக்குக் கிடைத்திருக்க வேண்டிய திகைப்பை ஒருத்தர் முன்னாலேயே எடுத்துச் செலவழித்துவிட்டார்.

ஆனால் கடைசியில் அந்தத் தாமதமான பதில் வந்ததும் சும்மா இருந்தவன், கொஞ்சம் பின்னால் இழுத்து மறுபடி பார்த்தான். "அப்ப அவர் கேட்டதுக்குப் பதில் வரவே இல்லையா?" வந்ததுடா, அதைத்தான் பார்த்தாய் என்றேன்.

டிஸ்கவரியில் தலைமையகத்து ஆட்கள் ஒளி உருவமாகப் பக்கத்தில் வந்து நின்று பேசுவதை ரசிகர்கள் "தொழில்நுட்பம் ரொம்ப நவீனமாக இருக்கிறது" என்று குறை சொல்வார்கள். நவீனமாக இருப்பது எனக்குக் குறையாகப் படவில்லை. தொலைவுதான் கர்க்கின் தனிமை. அந்த ஒளி உருவம் அதைப் பிடுங்கிக்கொள்கிறது. மேலதிகாரி பக்கத்திலேயே வந்து நிற்க முடியும் என்றால் கேப்டன் எதற்கு?

இதில் ஒரு வேடிக்கை. 2002-ல் எண்டர்பிரைஸ் தொடர், கர்க்குக்கு நூறு வருஷம் முந்திய கதை, ராமுலன்களைக் கொண்டுவந்தது. முகத்தை மனிதர்கள் யாரும் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் கப்பல் மறைகிறது! முகத்தைக் காப்பாற்றிவிட்டு மறைவதை விட்டுக்கொடுத்தார்கள். கன்டினியூட்டி பார்ப்பதாக நினைத்துக்கொண்டு, தவறான இடத்தில் காவல் நின்றிருக்கிறார்கள்.

ஸ்பாக்குக்கு ஒரு வளர்ப்புத் தங்கை, இல்லை அக்கா, எப்படிச் சொல்வது, கூடவே வளர்ந்த பெண் ஒருத்தி இருந்தாள் என்று டிஸ்கவரி சொன்னபோது எழுந்த கூச்சல் எனக்குப் புரியவே இல்லை. அவர்தான் சொல்லவே இல்லையே என்றார்கள். 1967-ல் ஓர் எபிசோடில் தூதர் ஒருவர் கப்பலுக்கு வருகிறார். பெற்றோரைப் பார்க்க ஒருமுறை கீழே போய்விட்டு வாருங்களேன் என்று கர்க் சொன்ன பிறகுதான், இந்தத் தூதரும் மனைவியும்தான் என் பெற்றோர் என்று ஸ்பாக் வாய் திறக்கிறார். நிற்கிற அப்பாவையே சொல்லாத ஆள், இல்லாத அக்காவைச் சொல்லுவாரா? அது அவர் குணத்தோடு ஒட்டிப்போகிறது. இதில் சார் என் பக்கம்.

டிஸ்கவரியின் பெரிய சிக்கல், நினைத்த இடத்துக்கு நொடியில் தாவும் அதன் என்ஜின். அப்படி ஒன்று இருந்திருந்தால் பின்னால் வந்த கப்பல்களெல்லாம் ஏன் மாதக்கணக்கில் பயணம் செய்தன? 2019-ல் இரண்டாம் சீசன் முடிவில் கப்பலையே எதிர்காலத்துக்கு அனுப்பிவிட்டு, இதைப் பற்றி இனி யாரும் வாய் திறக்கக்கூடாது, திறந்தால் தேசத்துரோகம் என்று முடித்துக்கொண்டார்கள். கவனித்தால் இதுவும் வார்ஃப் சொன்ன பதில்தான்: பேசுவதில்லை. அங்கே அது ஒருவரின் ரோஷமாக இருந்தது, சிரித்தோம். இங்கே அரசாங்க உத்தரவாக வருகிறது. கோப்பை மூடுவதற்கென்றே போட்ட உத்தரவு என்பது அப்பட்டமாகத் தெரிகிறது.

மாமா இதில் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டார். அவருக்கு முகம்தான் முக்கியம். டிஸ்கவரியில் வந்த எண்டர்பிரைஸைப் பார்த்துவிட்டு, "இது வேற கப்பல் கண்ணு, பேரு மட்டும் அதே" என்று ஒதுக்கிவிட்டார். என்ஜின்களைத் தாங்கும் தூண்கள் பின்னால் சாய்ந்துவிட்டன, அதுதான் அவருக்கு ஆகவில்லை.

நான் அவரை அவர் ஊரிலேயே மடக்கப் பார்த்தேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வரும் எக்ஸ் கிளாஸ் நீராவி என்ஜின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்து வந்தவை. நிலக்கரியில் ஓடியதை எண்ணெய்க்கு மாற்றினார்கள். அப்புறம் திருச்சி பொன்மலைப் பணிமனையில் புதிதாகவே செய்தார்கள். 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ரயில், எரிக்கிறதும் மாறி, சில என்ஜின்கள் முழுசாகவே புதுசாகி ஓடுகிறது. அது மட்டும் எப்படி மாமா அதே வண்டி?

"அதே வண்டிதான்," என்றார். கல்லாறு தாண்டினால் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். என்ஜின் பின்னாலிருந்து தள்ள வேண்டும். கீழே இரண்டு சிலிண்டர் சக்கரத்தை ஓட்டும். பல்தண்டவாளம் வந்ததும் அங்கே வேலை முடித்த நீராவி மேலே இருக்கும் இன்னும் இரண்டு சிலிண்டருக்குப் போய்ப் பல்சக்கரத்தைச் சுற்றும். சத்தம் மாறும். கண்ணை மூடிக்கொண்டே கல்லாறு தாண்டிவிட்டதா என்று சொல்லிவிடுவாராம். "பொன்மலையில செஞ்சாலும் அதே நாலு சிலிண்டர், அதே பல்லு, அதே மூச்சு. வேற என்ன வேணும்?"

நான் சொல்வதும் அதுதானே, வேலை மாறாமல் இருந்தால் முகம் மாறலாம் என்பதுதானே என்றேன். மாமா தலையை ஆட்டினார்.

"என்ஜின்ல நான் கை வச்சிருக்கேன். உள்ள என்ன மாத்துனோம், என்ன மாத்தலைன்னு எனக்குத் தெரியும். அந்தக் கப்பல நான் டிவியிலதான பாத்தேன்? எனக்கு அது முகம் மட்டும்தான். அதையும் மாத்திட்டா எங்கிட்ட என்ன இருக்கு?"

இதற்கு என்னிடம் நல்ல பதில் கிடையாது. இன்றும் இல்லை.

சார் மட்டும் பாதியில் நின்று ஒன்று சொன்னார். ஜெஃப்ரீஸ் அந்த முகத்தைச் சும்மா வரையவில்லை. இவ்வளவு சக்தியுள்ள என்ஜின் ஆள் இருக்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது என்று தள்ளி வைத்தார். பழுது பார்க்க யாரும் வெளியே போகும்படி ஆகக்கூடாது என்று வெளித்தகட்டை வழுவழுப்பாக விட்டார். சார் வருஷா வருஷம் பிள்ளைகளை ஊட்டி முத்தோரைக்குக் கூட்டிப்போய் ரேடியோ தொலைநோக்கியைக் காட்டுகிறவர். 530 மீட்டர் நீளத்துக்கு மலைச்சரிவில் கிடக்கிறது அது. அந்த இடத்தின் அட்சரேகை எவ்வளவோ, சரிவும் அவ்வளவு, ஏறத்தாழ 11 டிகிரி. அதனால் அதன் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக நிற்கிறது. ஒரே அச்சில் திருப்பினால் வானத்தில் நகரும் பொருளை மணிக்கணக்கில் பின்தொடரலாம். தெரியாதவர்களுக்கு அது சாய்ந்து கிடக்கும் கம்பி வேலி. சார் கேட்பது: காரணம் உள்ள முகத்துக்கும் காரணமில்லாத முகத்துக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டாமா? தூணைச் சாய்த்தால் பரவாயில்லை, என்ஜினைக் கொண்டுபோய் ஆள் தலைமேல் ஒட்டினால் பரவாயில்லையா? சரி, இதை நான் ஏற்றுக்கொண்டேன். நெற்றி மேடுக்குக் காரணம் கிடையாது, மேக்கப்காரரின் கைவண்ணம் மட்டும்தான் என்பதால் என் கட்சிக்கு இதனால் நஷ்டமில்லை.

பழைய செட்டை அப்படியே காட்டினால் இன்றைய ஆட்கள் சிரிப்பார்கள் என்று ஒரு சமாதானம் அடிக்கடி வரும். 1992-ல் வயதான ஸ்காட்டிக்காக அந்தக் கட்டுப்பாட்டு அறையைத் திரும்பக் காட்டினார்கள். 1996-ல் காட்டினார்கள். 2005-ல் அதே காலத்துக் கப்பல் ஒன்றை அதே பட்டன்களோடு கட்டி இரண்டு எபிசோட் ஓட்டினார்கள். யாரும் சிரிக்கவில்லை. நல்ல வெளிச்சம் போட்டுக் காட்டினால் ஜெல்லி மிட்டாயும் எடுபடும்.

இப்போது ஓடும் வழக்கு கார்ன்களைப் பற்றியது. 1967-ல் கர்க் ஒரு பாறைக்காட்டில் கார்ன் என்ற பல்லி மனிதன் ஒன்றோடு ஒற்றைக்கு ஒற்றை சண்டை போடுவார். ரப்பர் உடை, நத்தை வேகம், கேலி செய்யாதவர்கள் இல்லை. ஆனால் அந்தக் கதையின் முடிவு எனக்கு ஸ்டார் ட்ரெக்கிலேயே பிடித்த இடங்களில் ஒன்று. ஜெயித்த கர்க் அதைக் கொல்ல மறுக்கிறார். நாம்தான் அவர்கள் எல்லைக்குள் போய்விட்டோமோ, அவர்கள் தங்களைக் காத்துக்கொண்டார்களோ என்று அவருக்குத் தோன்றிவிடுகிறது. அந்த இனத்தைப் பற்றி முன்பின் ஒன்றும் தெரியாததால்தான் அந்தச் சந்தேகத்துக்கு அவரிடம் இடம் இருக்கிறது. 2022-ல் தொடங்கிய ஸ்ட்ரேஞ்ச் நியூ வோர்ல்ட்ஸ், கர்க்குக்கு முந்திய கேப்டன் பைக்கின் கதை, கார்ன்களை மனித உடம்புக்குள் முட்டையிட்டு வேட்டையாடும் அரக்கர்களாக்கிவிட்டது. உருவத்தையும் மாற்றினார்கள், அதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, ரப்பரைவிட நன்றாகத்தான் இருக்கிறது. கர்க்கின் கருணைக்கு அடியில் இருந்த தரையைத்தான் உருவிவிட்டார்கள். 2025-ல் மூன்றாம் சீசனில், பெண் விமானி ஒருத்தியும் ஒரு கார்னும் ஆளில்லாத இடத்தில் சிக்கி ஒருவருக்கொருவர் துணையாகும் ஓர் எபிசோட் வைத்துக் கொஞ்சம் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள். நன்றாகவே இருந்தது.

ஆனால் சார் விடவில்லை. "அதே எண்டர்பிரைஸ். அதே ஸ்பாக், அதே உஹூரா, ரெண்டு பேரும் கார்ன்களோட மோதுனவங்க. அப்புறம் அதே கப்பலுக்குக் கர்க் வந்து, கார்னைப் பாத்து இது என்னன்னே தெரியாம நிக்கிறாரு. யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாங்களா?"

தம்பி கொஞ்ச நேரம் முயற்சி செய்தான். உருவம் வேறு மாதிரி இருந்ததால் அடையாளம் தெரிந்திருக்காது என்றான். கார்ன்களில் இரண்டு இனம் இருக்கலாம் என்றான். மாமா வர்க்கியை டீயில் நனைத்துக்கொண்டே அவனைப் பார்த்தார்.

"ரிப்போர்ட்டெல்லாம் எழுதித்தான் வச்சிருப்பாங்க, தம்பி. புதுசா வந்த கேப்டன் எவன் பழைய ரிப்போர்ட்டைப் படிக்கிறான்?"